சோதனைத் தெருவின் மூத்த மகள்

சோதனைமுத்து வெள்ளைத்துறைக்கு வந்த காலையில் காற்று வழக்கம்போலத் தெற்கேயிருந்து அடித்தது, உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வழக்கம்போலத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள், லாரி செட்டில் வழக்கம்போல ரேடியோ பாடியது, இந்த வழக்கங்களுக்கெல்லாம் நடுவே, உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் கள்ளியும் உவர்மண்ணும் தவிர வேறெதுவும் இல்லாத பொட்டலில், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கையில் பை இல்லை. காலில் தூசி இல்லை. எங்கிருந்து வாரீரு என்று கேட்டவர்களிடம், எங்கிருந்தும் வரவில்லை, இதுதான் என் வீடு, கதவு எண் பன்னிரண்டு, சோதனைத் தெரு, என்றான்.

அப்படி ஒரு தெரு அந்த ஊரில் கிடையாது. ஆனால் அவன் சொன்ன விதத்தில் பொய் இருக்கவில்லை, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் யாரோ போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் வாங்கிக் குடித்தான்.

முந்தின நாள் மாலை ஜெபசீலி அவனை உருவாக்கியிருந்தாள்.

ஜெபசீலி அந்த ஊர்க்காரிதான். சென்னையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள், கணவன் அருமைநாயகம் நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போனபிறகு ஊரோடு வந்துவிட்டாள். அவனை அடக்கம் செய்த அன்று அவள் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை, பசித்தால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பினாள், யாராவது நகைச்சுவையாகப் பேசினால் எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். நகராட்சிக்குக் குடும்பப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டையும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், ஒருவருக்கு ஒருவர் என்ன உறவு என்பதையும் கணினிக்குள் கொண்டுபோக வேண்டும்.

அவள் செய்ததெல்லாம் ஆள் என்றால் என்ன என்று ஓர் அச்சு எழுதியதுதான். ஆளுக்கு ஒரு பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு, தொழில் உண்டு. ஆள் ஒரு வீட்டைச் சேர்ந்தவர். வீட்டுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு வாழ்க்கைத்துணை இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், வீட்டுக்குப் பிள்ளைகள் எத்தனை பேரும் இருக்கலாம். இவ்வளவு எழுதிவிட்டால் மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், அட்டவணைகளைத் தானே கட்டிக்கொள்ளும், இன்னார் இன்னாரோடு சேர்ந்தவர் என்கிற முடிச்சுகளைத் தானே போட்டுக்கொள்ளும். அச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுபோல அவளும் இல்லாத ஓர் ஆளைப் போட்டுப் பார்த்தாள். பெயர் என்ற இடத்தில் சோதனை என்று அடித்தாள், பெயர் ரொம்பச் சின்னது என்று அது மறுத்தது, ஒரு முத்துவைச் சேர்த்தாள். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. தொழில், மற்றவை. துணை என்ற இடத்தைக் காலியாக விட்டாள். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கட்டுமே என்று சோதனைக்கனி என்று ஒரு பெண்குழந்தையைப் போட்டாள், அதற்கும் ஜனவரி ஒன்று. சேமித்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் ஊரார் வந்து, எம்மா, கிட்டங்கிப் பொட்டல்ல ஒரு ஆளு நிக்காரு, பேரு சோதனைமுத்துங்காரு, என்று சொன்னபோது, அவள், அது நான் போட்டதுதான், என்றாள். அப்படியா, என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊர் அவனைப் பழக்கப்படுத்திக்கொண்டது. அஸ்பெஸ்டாஸ் தகடு மிச்சம் வைத்திருந்தவர் தகடு கொடுத்தார், கம்பு வைத்திருந்தவர் கம்பு கொடுத்தார், பொட்டலில் ஒரு குடிசை எழும்பியது. நகராட்சியில் பெயிண்ட் அடிக்கிறவர், ஆள் இருக்கிறபோது தெரு இல்லாமல் எப்படி என்று, சோதனைத் தெரு என்று மஞ்சள் பலகையில் எழுதி நட்டுவிட்டுப் போனார். மினிபஸ் கண்டக்டர், சோதனைத் தெருல்லாம் எறங்கு, என்று சத்தம் போடப் பழகிக்கொண்டான். மகள் பிறகு வந்து சேர்ந்தபோதும், தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே தேதியில் பிறந்தநாளா என்று யாரும் ஆச்சரியப்படவில்லை, ஊரில் பாதிப்பேருக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான். ஒன்றே ஒன்றுதான் அவர்களைச் சிரமப்படுத்தியது. என்ன ஆளுக நீங்க, என்று கேட்டார்கள். அந்த இடம் காலியா விட்டிருக்கு, என்றான் அவன். எந்தத் தெருக்காரர்கள் அவனை உட்காரச் சொல்வது, எந்தத் தெருக்காரர்கள் நிற்க வைத்துப் பேசுவது என்று தெரியாமல் ஊர் கொஞ்ச நாள் தடுமாறியது, பிறகு களைத்துப்போய் எல்லாரும் உட்காரச் சொன்னார்கள்.

பதிவில் போட்டது அவனிடம் இருந்தது, போடாதது இல்லை. குழம்பு எப்படி, என்று கேட்டால் யோசிப்பான், அதற்கு அவனுக்குள் இடம் இருக்கவில்லை. ராத்திரி என்ன கனவு வந்தது என்று கேட்டால் மரியாதையாகக் கைகட்டிக்கொண்டு நிற்பான். தொழில் மற்றவை என்பதால் மற்ற எல்லா வேலையும் செய்தான், மூட்டை தூக்கினான், ஓடை தோண்டினான், பந்தல் போட்டான். மகளோ அவன் வந்த அன்று அவனோடு வரவில்லை. சில நாட்கள் கழித்து மளிகைக்கடையில், பிள்ளைக எதும் உண்டா, என்று யாரோ பேச்சுவாக்கில் கேட்டார்கள், அவன், ஒரு மக, என்றான், எங்க அவ, என்றார்கள், அவன் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தான், அங்கே எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாதிரி, மஞ்சள் பாவாடையோடு நடந்து வந்துகொண்டிருந்தது. கேட்கும்வரை அவள் தேவைப்படவில்லை, கேட்டபிறகு வந்தாள். கடைக்காரர் ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கனியைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தகப்பனைப் போல இல்லை அவள். காலியாக இருந்த இடங்களையெல்லாம் தானே நிரப்பிக்கொண்டாள். மாங்காய்த் துண்டை உப்பில் புரட்டித் தின்னக் கற்றாள், ஐஸ் கம்பெனி பையன்களிடம் விசில் அடிக்கக் கற்றாள், பொய் சொல்லக் கற்றாள். பள்ளி விட்டதும் ஜெபசீலியின் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் விசைப்பலகையில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெபசீலி அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் சந்தைக்குப் போனால் மாங்காய் வாங்கினாள்.

"சித்தி, எனக்கு அம்மா போடலையா?" என்று ஒருநாள் கேட்டாள் கனி.

"போடலை."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. அந்த எடம் காலியா இருந்தா என்ன ஆகுதுன்னு பாக்கத்தான் விட்டேன்."

"என்ன ஆச்சு?"

ஜெபசீலி திரையைப் பார்த்தபடியே மாங்காய்த் தட்டைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்த இடத்துக்கு மாடத்தி வந்தாள். மாடத்தி ஜெபசீலியின் அடுத்த வீட்டுக்காரி, உப்பு பாக்கெட் போடுகிற செட்டில் வேலை, முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். அப்பா அம்மா விட்டுப்போன ஓட்டு வீடும் அதில் ஒரு குழாயும் அவளுக்கு இருந்தன. சோதனைமுத்து செட்டில் மூட்டை தூக்கவந்ததிலிருந்து அவனைக் கவனித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் ஜெபசீலியிடம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி சீலி, அந்தாளக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன். இந்த வயசுல எனக்குப் பழங்கதை எதுவும் இல்லாத ஒரு ஆம்பள கெடச்சிருக்கான். அம்மைக்கு ஏங்குத மகனும் இல்ல, மொத பொண்டாட்டிய நெனச்சுக் குடிக்கவும் மாட்டான்."

"அவருக்குச் சந்தோசம்னு ஒண்ணு இருக்கான்னு தெரியாதுக்கா. நான் போடலை."

"எனக்கு இருக்குல்லா. அது போதும்."

கல்யாணம் நடந்தது. மாடத்திக்கு அண்ணன் தம்பி இல்லாததால், நகராட்சியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற தனுஷ்கோடி அண்ணன் ஸ்தானத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். ஜெபசீலி அன்றைக்கே சோதனைமுத்துவின் பதிவைத் திறந்து துணை என்ற இடத்தில் மாடத்தியைச் சேர்த்தாள், தனுஷ்கோடியை மைத்துனராகச் சேர்த்தாள். மாடத்தியின் வீட்டில் குழாய் இருந்தது, அதனால் குடித்தனம் அங்கே நடந்தது. பதிவில் மட்டும் தகப்பனும் மகளும் சோதனைத் தெருவிலேயே இருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மாடத்தி மறுபடி வந்து அதே படியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நாந்தான் ஆசப்பட்டுக் கட்டுனேன் சீலி. அவன் என்னையப் பொண்டாட்டி பொண்டாட்டின்னு சுத்தி வாரான். எனக்கு அவனைப் பாத்தா பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல உக்காந்திருக்க ஆளு மாதிரி இருக்கு. அழுகையும் வரல, கோவமும் வரல. என்ன எழவு இது?"

ஜெபசீலி எழுந்துபோய்த் திரையில் பார்த்தாள். சோதனைமுத்துவின் பக்கம் மாடத்தி இருந்தாள். மாடத்தியின் பக்கம் துணை என்ற இடம் காலியாகவே இருந்தது. உறவை இரண்டு பக்கத்திலிருந்தும் முடிச்சுப் போட வேண்டும், ஒரு பக்கம் போட்டால் மறுபக்கத்துக்குத் தெரியாது. ஊரையெல்லாம் பதிவில் ஏற்றியபிறகு பதிவுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த சுவர் மெலிந்துவிட்டிருந்தது, பிறந்து வளர்ந்தவர்களையும் அது தொட ஆரம்பித்திருந்தது. ஜெபசீலி மாடத்தியின் பக்கத்தில் சோதனைமுத்துவைச் சேர்த்துச் சேமித்தாள். அன்று சாயங்காலம் மாடத்தி வீட்டிலிருந்து, ஈரத் துண்டக் கொண்டுபோய் எவனாவது சோத்துப் பானை மேல போடுவானா, என்று பெரிய சத்தம் கேட்டது. தெரு நிம்மதியாகத் தூங்கப்போனது.

மாடத்திக்கு வந்திருந்தது ஜெபசீலிக்கும் தெரிந்த மரத்துப்போதல்தான். ஆனால் தன் பதிவில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று அவள் திறந்து பார்க்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் தனுஷ்கோடி வந்தார். நல்ல மனிதர், எதையும் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார்.

"எம்மா, பதிவேட்டைத் திறந்து வைக்க மேலிடத்துல இருந்து வாராங்க. அதுக்கு முன்னாடி சோதனைக்குப் போட்டதையெல்லாம் எடுத்திரச் சொல்லி உத்தரவு."

"சோதனைக்குப் போட்டது அவங்க ரெண்டு பேருதான் சார்."

"தெரியும்மா. கல்யாணச் சாப்பாடு நானும்தான் சாப்பிட்டேன்." மறுபடி துடைத்தார். "என்ன செய்ய. உத்தரவு."

ஜெபசீலி போய்ச் சோதனைமுத்துவிடமே சொன்னாள். அவன் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். "என்னைய எடுத்தா எனக்கு வலிக்குமா?" என்று கேட்டான், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான், பயந்து கேட்கவில்லை. தெரியாது என்றாள் அவள். சரி, என்று ஊசியைக் கோத்தான். மாடத்திதான் எழுந்து தெருவுக்குப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, எம் புருசன அழிக்கப் போறாகளாம், என்று சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை. அது ஊருக்கு என்னவோ செய்தது.

மறுநாள் ஜெபசீலியின் வீட்டுக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தப் பதிவேட்டில் ஒரு குணம் உண்டு என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, ஒரு ஆளை உறவென்று சுட்டிக்கொண்டு இன்னொரு ஆள் நிற்கும்வரை அந்த ஆளை நீக்க அது சம்மதிக்காது. மளிகைக்கடைக்காரர், எனக்கு அவன் மச்சான்னு போடும்மா, என்றார். லாரி செட்டுக்காரர், தம்பி, என்றார். மினிபஸ் கண்டக்டர், மாமா, என்றான். மீன் விற்கிற அந்தோணியம்மாள், எனக்கு மூத்த மவன், என்றாள், அவளுக்கும் அவனுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். சுண்ணாம்புச் சூளைக்காரர் வரிசையில் வந்ததும் தயங்கினார்.

"பகையாளின்னு போட எடம் இருக்காம்மா? எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனா ஆளு போயிறக் கூடாது."

"இல்லையே."

"அப்பப் பங்காளின்னு போட்டுக்கோ."

ஜெபசீலி போட்டாள். சாயங்காலம்வரை போட்டாள், விரல்கள் மட்டும் வேலை செய்தன. கனி பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களின் பெயரைக் கூவினாள். கனியோடு உறவு சொல்ல யாரும் வரவில்லை. பிள்ளையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், தகப்பன் நின்றால் மகளும் நிற்பாள் என்று ஊர் எண்ணியது. ஜெபசீலியும் அப்படித்தான் எண்ணினாள்.

தனுஷ்கோடி வந்து தானே நீக்கிப் பார்த்தார். இவரைச் சார்ந்த உறவுகள் உள்ளன, நீக்க இயலாது, என்று திரை சொன்னது. இரண்டாவது முறையும் அதையே சொன்னது.

"இதுக்கு வழியே இல்லையாம்மா?"

"இருக்கு சார். அவரைச் சார்ந்தவங்க எல்லாரையும் அவரோட சேத்து நீக்கச் சொல்லலாம். ஒரே நேரத்துல போயிரும். ஊர்ல பாதி போகும். நீங்களும் போவீங்க."

"நானா?"

"அண்ணன் ஸ்தானத்துல நின்னீங்கல்லா. அன்னைக்கே போட்டாச்சு."

தனுஷ்கோடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "ஆளு இருக்கட்டும்," என்றார் கடைசியில். "அந்த வீட்டையாவது எடுத்திருங்க. பன்னிரண்டாம் நம்பர், சோதனைத் தெரு. அது புறம்போக்கு, அப்படியொரு முகவரி காகிதத்துல எங்கயும் கிடையாது. அத எடுத்தா நானும் எடுத்துட்டேன்னு எழுதிருவேன்."

யாருக்கும் நஷ்டமில்லாத யோசனையாகத்தான் அது தெரிந்தது. மறுநாள் பிற்பகலில் ஜெபசீலி சோதனைமுத்துவைப் பழைய வீட்டிலிருந்து எடுத்து மாடத்தியின் வீட்டில் சேர்த்தாள். அது சேர்த்துக்கொண்டது. அறையில் அவளுக்குப் பின்னால் தரையில் கனி உட்கார்ந்திருந்தாள், ஒரு மாங்காய்த் துண்டுக்கும் அடுத்த மாங்காய்த் துண்டுக்கும் நடுவே விசில் அடித்துக்கொண்டிருந்தாள், ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப, கடைசியில் ஒரு இடத்தில் எப்போதும் தப்பும். ஜெபசீலி பன்னிரண்டாம் நம்பர் வீட்டைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்றாள். மறுப்பு எதுவும் வரவில்லை. நீக்கப்பட்டது, என்றது திரை.

விசில் தப்புகிற இடத்துக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய்விட்டாள் போல என்று ஜெபசீலி நினைத்தாள். மீதி வேலையைப் பார்த்தாள். பிறகு ஏதோ எடுக்கத் திரும்பியபோது தரையில் தட்டு இருந்தது, அதில் பாதி கடித்த ஒரு துண்டு, பல் பதிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. ஜெபசீலி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, தான் முதல் நாள் எழுதிய அச்சைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள். ஆள் ஒரு வீட்டைச் சேர்ந்தவர். வீட்டுக்குத் தலைவர். வீட்டுக்குப் பிள்ளைகள். கனியைத் தகப்பனோடு நேராக முடிச்சுப் போடவே இல்லை, அவள் வீட்டின் பிள்ளை, வீட்டின் வழியாகத்தான் அவனுக்கு மகள். தகப்பனை வெளியே எடுத்ததும் வீட்டோடு அவள் மட்டும் தங்கிவிட்டாள். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, வீடு இல்லாமல் மிஞ்சுகிற பிள்ளைப் பதிவுகளை வைத்திருக்காதே, நீக்கிவிடு. குப்பை சேராமல் இருக்க எல்லாரும் எழுதுகிற வரிதான். அவளும் எழுதியிருந்தாள்.

அவள் செருப்புப் போடாமல் மாடத்தி வீட்டுக்குப் போனாள். சோதனைமுத்து முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"கனி எங்க?"

"எந்தக் கனி?" என்றான்.

"ஒங்க மக."

அவன் யோசித்தான். உள்ளே தேடிப் பார்க்கிறவன் போல நேர்மையாக யோசித்தான். "எனக்கு மக இல்லியே," என்றான்.

அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்த மாடத்தி வாசலில் நின்றுவிட்டாள். அவள் ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவள், அவளுக்கு மறக்கவில்லை. "ஏட்டி சீலி," என்றாள், குரல் அவளுடையது மாதிரி இல்லை, "இன்னொரு வாட்டி கேளு. கேட்டா வருவால்லா அவ. கேளுட்டி."

கேட்டார்கள். மாறி மாறிக் கேட்டார்கள். தெரு கூடி வந்து கேட்டது. உம்ம மக எங்க வேய், என்று சுண்ணாம்புச் சூளைக்காரர் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் பொறுமையாக யோசித்தான், ஒவ்வொரு தடவையும் தெருமுனை வெறுமையாக இருந்தது.

ஊர் அதையும் பழக்கப்படுத்திக்கொள்ளப் பார்த்தது. சாவு இல்லை, அதனால் பாடை எடுப்பு இல்லை, கருமாதி இல்லை, கோவிலிலும் மாதாகோவிலிலும் என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டார்கள். உப்பளப் பாத்திகளின் வரப்புகளில் போய்த் தேடினார்கள், கிடைக்காது என்று தெரிந்தே தேடினார்கள், தேடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதால் தேடினார்கள். சோதனைமுத்துவும் அவர்களோடு போனான், யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தேடுகிற அக்கறையோடு குனிந்து குனிந்து பார்த்தான்.

ஜெபசீலிக்கு அழுகை வரவில்லை. ஆனால் அந்தத் தட்டைக் கழுவ முடியவில்லை. எறும்பு வந்து மாங்காயைத் தின்று முடித்துப் போனபிறகும் தட்டு அங்கேயே இருந்தது.

தனுஷ்கோடி வந்தார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "ரெண்டு வரிதானம்மா," என்றார். "அதே பேரு. அதே தேதி. மாடத்தி வீட்டுலயே போட்டிருங்க. காலைல வந்து நிப்பா."

மாடத்தியும் வந்திருந்தாள். "போடு சீலி," என்றாள்.

ஜெபசீலி திரையைத் திறந்தாள். சோதனைக்கனி என்று அடித்தாள். தேதியை அடித்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வருவாக்கா. கனின்னா திரும்பிப் பாப்பா. ஆனா ஒங்க வீட்டு மீன் கொழம்புல அவ சாளைய மட்டும் பொறுக்கித் தின்னது புதுசா வார இவளுக்குத் தெரியாது. இவ வந்து நின்னுட்டா, ஊரு அடுத்த வாரமே இவதான் அவன்னு சொல்லிரும். அப்புறம் அவ போனதே போகாததா ஆயிரும். தேடக்கூட நமக்கு ஆளு இருக்காது."

வெளியே கண்டக்டர் சோதனைத் தெருவைக் கூவிக்கொண்டு போனான். மாடத்தி வெகுநேரம் தரையில் கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வேண்டாம்," என்றாள்.

பதிவேட்டை மேலிடத்திலிருந்து வந்து திறந்து வைத்தார்கள், நாடாவை வெட்டினார்கள், ஊர் போய்க் கேசரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தது. மழை வந்தது, உப்பு வேலை நின்றது. மழை விட்டு, பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டி, புது உப்பு வெள்ளையாகப் பூத்த நாட்களில் மாடத்தி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றாள். அந்தப் பிள்ளையை யாரும் எந்த அச்சிலும் போடவில்லை, அது ரத்தமும் சளியுமாக, காது கிழிய அழுதுகொண்டு, பெயர் இல்லாமல், முதலில் உலகத்துக்கு வந்தது. பதிவுக்கு அதற்கப்புறம்தான் வந்தது.

நகராட்சிச் சாளரத்துக்கு உள்ளே, பதிவு போடுகிற வேலையாக, ஜெபசீலி உட்கார்ந்திருந்தாள். வெளியே மாடத்தி துண்டில் சுற்றிய பிள்ளையோடு நின்றாள், பக்கத்தில் சோதனைமுத்து, பின்னால் பால்காரர், அந்தோணியம்மாள், இன்னும் வரி கட்டவும் சான்று வாங்கவும் வந்தவர்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி என்று ஜெபசீலி ஒவ்வொன்றாக அடித்தாள். இப்போது அவள் பிள்ளையைத் தகப்பனோடும் தாயோடும் தனித்தனியே முடிச்சுப் போட்டாள், இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டாள்.

"கூடப்பொறந்தவுகன்னு ஒரு எடம் இருக்குல்லா," என்றாள் மாடத்தி. "அதுல அக்கா பேரப் போடு."

ஜெபசீலி போட்டாள். அப்படி ஒரு நபர் பதிவில் இல்லை என்றது திரை. இன்னொரு முறை போட்டாள். இல்லை என்றது.

"வாங்க மாட்டேங்குதுக்கா."

மாடத்தி பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஜெபசீலி கீழே நகர்ந்தாள். தாய்தந்தையருக்கு இது எத்தனையாவது குழந்தை, என்று ஓர் இடம் இருந்தது. அது வெறும் எண் கேட்கிற இடம், எந்த அட்டவணையோடும் சேராதது, சரிபார்க்க ஆள் இல்லாதது.

"ஒண்ணு," என்றான் சோதனைமுத்து, உதவி செய்கிற நினைப்பில்.

ஜெபசீலி இரண்டு என்று அடித்தாள். சேமித்தாள். அது ஏற்றுக்கொண்டது.

சோதனைமுத்து குனிந்து சாளரத்துக்குள் பார்த்தான். "ரெண்டாவதா?"

"ஆமா."

"அப்ப மொதப் பிள்ள?"

மாடத்தி ஜெபசீலியைப் பார்த்தாள். ஜெபசீலி விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள்.

"பொண்ணு," என்றாள். "ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. எட்டு வயசு. இடி இடிச்சா வெளிய ஓடிப்போயி நிப்பா. பயப்பட மாட்டா."

அவன் இரண்டு கைகளையும் சாளரத் திட்டில் ஊன்றிக்கொண்டான். "சொல்லுங்க," என்றான்.

ஜெபசீலி சொன்னாள். அவளுக்குக் கணக்கு வராது, வந்த மாதிரி நடிப்பாள், என்றாள், விடையை உள்ளங்கையில எழுதி வச்சிக்கிடுவா, என்றாள், அந்தக் கையைக் காட்டச் சொன்னால் மற்ற கையைக் காட்டுவாள் என்று சொல்ல வந்தபோது அருமைநாயகத்தை அடக்கம் செய்த அன்றிலிருந்து வராத அழுகை அத்தனை பேருக்கு முன்னால் வந்தது, முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து மாடத்தி சொன்னாள். மாடத்தி நிறுத்தியபோது அந்தோணியம்மாள், மாடத்திக்கே தெரியாத ஒன்றை, அந்தப் பிள்ளை மீன்கூடைக்குள் ஒருநாள் பூனைக்குட்டியை ஒளித்துவைத்த கதையைச் சொன்னாள். பால்காரர், அது இல்ல, நடந்தது வேற, என்று முன்னால் வந்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. சோதனைமுத்து ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தன் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.